ஊழியர் மீது முறைப்பாடு வந்தால் எவ்வளவு வெளியே சொல்வது?

திருகோணமலைத் தொண்டு நிறுவனங்களில் ஊழியர் விசாரணைகளை நடத்தி வந்த அக்கா பதில் சொல்கிறார்.

உப்புவெளியிலிருந்து: அக்கா, எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் மீது பாலியல் தொந்தரவு முறைப்பாடு வந்திருக்கிறது. "நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும், யாரும் வாய் திறக்கக் கூடாது" என்கிறார் முகாமையாளர். சரிதானா?

சரியில்லை, தங்கச்சி. ஒக்ஸ்பாம் என்ற பிரித்தானியத் தொண்டு நிறுவனத்துக்கு நடந்ததை அவருக்குச் சொல்லுங்கள். 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹெயிட்டியில் வேலை செய்த சில ஊழியர்களை அது 2011இல் விசாரித்தது. நால்வரை நீக்கியது, நாட்டுப் பணிப்பாளர் உட்பட மூவர் விலகிக்கொண்டார்கள். தவறான நடத்தை என்று வெளியே அறிவித்தார்கள். அது பாலியல் சம்பந்தப்பட்டது என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். 2018இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை முழுதையும் வெளியிட்டதும் ஆயிரக்கணக்கானோர் நன்கொடையை நிறுத்தினார்கள். எனக்கு அதைவிட வலிப்பது வேறு. விலகிய பணிப்பாளர் பிறகு வங்காளதேசத்தில் இன்னொரு தொண்டு நிறுவனத்தில் பொறுப்பேற்றார். அங்கிருந்த பெண்களை யார் எச்சரித்தார்கள்?

கிண்ணியாவிலிருந்து: அப்படியென்றால் விவரத்தை முகநூலில் போட்டுவிடலாமா?

வேண்டாம், தம்பி. தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி, பாலியல் தொந்தரவுக்கு ஆளானவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையுமோ பிரசுரிப்பது குற்றம். இரண்டு வருடம் வரை சிறை. நம் ஊரில் பெயர்கூடத் தேவையில்லை. "மூதூர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பிள்ளை" என்றாலே போதும், பின்னேரத்துக்குள் வீட்டு வாசல்வரை போய்விடுவார்கள். அந்தப் பிள்ளையை எப்பாடுபட்டாவது காப்பாற்ற வேண்டும்.

சீனக்குடாவிலிருந்து: விசாரணை முடியவில்லை. மற்ற ஊழியர்கள் கேட்டால்?

முறைப்பாடு வந்திருக்கிறது, இன்னார் விசாரிக்கிறார்கள், இத்தனையாம் திகதிக்குள் முடிப்போம். இவ்வளவும் சொல்லுங்கள். பணி இடைநிறுத்தம் தண்டனை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் அதையும் மறைக்காமல் அறிவியுங்கள், குற்றம் நிரூபிக்கப்படாவிட்டாலும்தான்.

மூதூரிலிருந்து: மாகாணத் திணைக்களம் ஒன்றில் காசு கையாடியவரைப் பேசாமல் இடமாற்றிவிட்டார்கள். நாங்கள் கேட்கலாமா?

தாராளமாக. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். தனிப்பட்ட விடயம் என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். பொதுக் காசு எப்படித் தனிப்பட்ட விடயமாகும்? எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பி வந்தது, என்ன நடவடிக்கை என்று தனித்தனியாகக் கேளுங்கள். மொட்டைக் கடிதம் வேண்டாம்.

நிலாவெளியிலிருந்து: நீக்கப்பட்டவர் நற்சான்றுக் கடிதம் கேட்கிறார்.

வேலை செய்த காலத்தையும் பதவியையும் எழுதிக் கொடுங்கள், புகழ்ச்சி வேண்டாம். அப்புறம், அவரை எடுக்கப்போகும் நிறுவனம் கேட்டால் விசாரணையில் நிரூபணமானதைச் சொல்லுங்கள். இதற்கென்றே தொண்டு நிறுவனங்கள் 2019இல் தங்களுக்குள் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கின்றன. உங்கள் நிறுவனம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று தலைமை அலுவலகத்தில் கேளுங்கள்.