குரல் உடைந்த பிள்ளையின் சங்கீதம்

கேள்வி: டீச்சர், என் மகன் தரம் 9 படிக்கிறான். தரம் 3இல் இருந்து சங்கீதம் பழகுகிறான். சில மாதமாகக் குரல் தடித்து, மேலே போனால் உடைகிறது. வெட்கத்தில் வாயே திறக்கிறான் இல்லை. அடுத்த வருஷம் ஓ.எல் பரீட்சைக்குத் தொகுதிப் பாடம் (சங்கீதம் போல விரும்பித் தெரிவுசெய்யும் பாடம்) எடுக்க வேண்டும். கணித ரியூஷனும் கூடிவிட்டது. "சங்கீதத்தை விட்டிடுவம்" என்கிறார் அவன் அப்பா. என்ன செய்யலாம்?
- ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: இப்போது விட வேண்டாம், தங்கச்சி.

12 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் அனேகமான ஆண்பிள்ளைகளுக்குக் குரல்நாண் நீண்டு தடிக்கும். குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ஸவில் இருந்து கீழ் ஸ வரையான அளவு, கீழே இறங்கும். 5 கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடிய பிள்ளையை இன்றும் அதே சுருதியில் பாடச் சொன்னால் உடையத்தான் செய்யும். சுருதிப் பெட்டியை 2 கட்டை, ஒன்றரைக் கட்டை என்று இறக்கிப் பாருங்கள். எது இதமாக இருக்கிறது என்று அவனே சொல்வான். அடுத்த மாதம் அதுவும் மாறலாம். தார ஸ்தாயிப் பக்கம், அதாவது மேல் சுரங்களுக்கு, போகவே வேண்டாம். தெரிந்த சரளி வரிசையை, அந்த ஆரம்பச் சுரப் பயிற்சியை, மெதுவாக, பத்து நிமிஷம் பாடினால் போதும்.

நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு பிழை விட்டேன். குழுப்பாட்டுப் போட்டிக்குப் பழக்கும்போது, குரல் உடைந்த ஒரு பையனிடம் "நீ வாயை மட்டும் அசை மகன்" என்றேன். நல்ல ஞானமுள்ள பிள்ளை. போட்டி முடிந்தபிறகு அவன் என் வகுப்புக்கு வரவேயில்லை. தாளத்தையாவது அவன் கையில் கொடுத்திருக்கலாமே என்று இன்றும் மனம் வேகிறது.

பாட முடியாத மாதங்களில் கைக்கு வேலை கொடுங்கள். மிருதங்கம் பழகலாம். ஊரில் கூத்துப் பழகினால் அங்கே அனுப்புங்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளம் அடிக்க, பக்கத்தில் நின்று சல்லாரி என்ற கைத்தாளம் போடட்டும். வடமோடிக் கூத்தின் தாளக்கட்டு காதில் ஏறிய பிள்ளைக்குப் பிறகு ஆதி தாளத்தில் காலம் பிசகாது. இதை நான் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கில் பாடும் பாடலுக்கும் கூட்டிப் போங்கள். ஊரே சேர்ந்து பாடும் இடத்தில் ஒரு பிள்ளையின் குரல் உடைவது யாருக்குக் கேட்கப் போகிறது? அந்தத் துணிச்சல் அவனுக்கு இப்போது தேவை.

கணிதத்தைப் பற்றி அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. பழந்தமிழ் இசையை ஆராய்ந்து அவர் எழுதி 1947இல் வெளியான யாழ் நூலைத் திறந்தால், சுரங்களுக்கு இடையிலான அளவெல்லாம் பின்னக் கணக்காகவே நிற்கும். மகனுக்குப் பின்னம் கசந்தால், வயலினின் ஷட்ஜத் (ஸ) தந்தியில் சரிபாதியில் விரல் வைத்து மேல் ஷட்ஜம் வருவதைக் காட்டுங்கள்.

தொகுதிப் பாடத்தை மகனிடமே கேட்டு முடிவெடுங்கள். ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் கேட்காதீர்கள். சுருதியை இறக்கி ஒரு மாதம் பாடவிட்டு, அப்புறம் கேளுங்கள்.