60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 16 கோர் ப்ராசஸர் எதற்கு?

கேள்வி: முதல்முறையாக நானே பாகங்களை வாங்கி ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். 16 கோர் ப்ராசஸர், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி வீதம் நான்கு ரேம் ஸ்டிக், மலிவாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு 850 வாட் பவர் சப்ளை என்று பட்டியல் போட்டிருக்கிறேன். மானிட்டர் மட்டும் பழையதே, 1080பி, 60 ஹெர்ட்ஸ். விளையாட்டைத் தவிர வேறு பெரிய வேலை இல்லை. பட்டியல் சரியா? நானே அசெம்பிள் செய்துவிட முடியுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முடியும் என்பதே பதில். முதல் கேள்விக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. நீங்கள் கடைசியாக எழுதியிருக்கிற மானிட்டரில் இருந்துதான் பட்டியலே தொடங்க வேண்டும்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். உள்ளே கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 200 ஃப்ரேம், அதாவது 200 படம், வரைந்து தள்ளினாலும் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் திரை புதுப்பிக்கப்படும். 144 ஹெர்ட்ஸில் அந்த இடைவெளி 6.9 மில்லிசெகண்டாகக் குறைகிறது. மவுஸைச் சட்டென்று திருப்பும்போது கைக்கே அந்த வித்தியாசம் தெரியும். 60-க்கு மேல் வரைந்தால் தாமதம் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அதற்காக 16 கோர் வாங்குவது வீண். அடுத்தது ரெசல்யூஷன். 1080பி திரையில் ஏறக்குறைய 21 லட்சம் பிக்சல்கள், 1440பி-யில் 37 லட்சம், 4கே-யில் 83 லட்சம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் இத்தனையையும் வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. அதனால் திரை முடிவானால்தான் கார்டு முடிவாகும். என்னைக் கேட்டால், ப்ராசஸரில் மிச்சமாகும் பணத்தில் 27 அங்குல 1440பி மானிட்டர் ஒன்று, 144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ, வாங்குங்கள். பழைய மானிட்டர்தான் என்றால் பட்டியலில் பாதியைத் தாராளமாகக் குறைக்கலாம்.

இனி கார்டு. 8 ஜிபி இன்றைய பெரிய விளையாட்டுகளுக்கு இறுக்கமான அளவு. கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால், மிச்சமுள்ள டெக்ஸ்சர்களை, அதாவது சுவர், தரை போன்ற பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களை, அது கம்ப்யூட்டரின் ரேமில் இருந்து இழுத்துவர வேண்டும். அந்த வழி பல மடங்கு மெதுவானது. சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாகவே இருக்கும், ஆனால் அவ்வப்போது படம் ஒரு குலுக்கு குலுக்கும். சில விளையாட்டுகள் குலுக்காமல் வேறு தந்திரம் செய்யும். சுவர் அருகே போய் நின்றால் அதில் ஒட்டிய போஸ்டரின் எழுத்து தண்ணீர் பட்ட மை போலக் கலங்கியே இருக்கும், எவ்வளவு நேரம் நின்றாலும் தெளியாது. செட்டிங்ஸில் டெக்ஸ்சர் 'அல்ட்ரா' என்றுதான் காட்டும்! 1440பி-க்கு 12 ஜிபி, முடிந்தால் 16. ஒரு எச்சரிக்கை: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி என்ற கார்டுகள் இரண்டுமே ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையாக வருகின்றன. பெட்டியில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்றவை கார்டின் சுமையைக் குறைக்கும், சந்தேகமில்லை. ஆனால் அவற்றோடு வரும், இடையிடையே செயற்கை ஃப்ரேம்களைச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷன் கூடுதலாக நினைவகம் கேட்கும். 8 ஜிபி கார்டில் அது உதவிக்கு வந்து உபத்திரவமாகிவிடுவதும் உண்டு.

ப்ராசஸரில் விளையாட்டுக்கு 6 கோர் போதும், 8 தாராளம். கோர் எண்ணிக்கையைவிட கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன, அதிவேக நினைவகம், முக்கியம். விளையாட்டு ஓடும்போது ப்ராசஸர் கணக்குப் போடுவதைவிட ரேமில் இருந்து தகவல் வரும் வரை காத்திருப்பதில்தான் நிறைய நேரம் போகிறது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7600 ப்ராசஸரில் எல்3 கேஷ் 32 எம்பி. ரைசன் 7 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டிலும் 96 எம்பி. இதனால்தான் எட்டே கோர் உள்ள இவை விளையாட்டில் கேஷ் குறைந்த 16 கோர்க்காரர்களையும் முந்துகின்றன. போட்டி ஷூட்டர்களில் 200 ஃப்ரேமுக்கு மேல் துரத்துபவர்களுக்கும், நகரம் கட்டும், சாம்ராஜ்யம் நடத்தும் விளையாட்டுக்காரர்களுக்கும் இவை பொருந்தும். மற்றவர்களுக்கு 7600 போதும். அது அமரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-க்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. அதனால் பின்னாளில் மதர்போர்டை மாற்றாமல் எக்ஸ்3டி-க்குத் தாவலாம். பெயரின் கடைசியில் 'எஃப்' போட்ட ப்ராசஸர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருக்காது. கொஞ்சம் மலிவுதான், ஆனால் என்றாவது கார்டு மக்கர் செய்தால் சோதித்துப் பார்க்கத் திரையில் ஒரு படம்கூட வராது.

ரேம் நான்கு ஸ்டிக் வேண்டாம். இப்போதைய ரேம் வகையான டிடிஆர்5-இல் நான்கு இடமும் நிரம்பினால் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்தால்தான் நிலையாக ஓடும். 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, ஒரே கிட்டாக, 6000 வேகத்தில் வாங்குங்கள். ப்ராசஸரில் இருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் செருக வேண்டும். அப்புறம் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற ஒன்றை ஆன் செய்யாவிட்டால், 6000 என்று வாங்கியது 4800-இலேயே காலம் தள்ளிக்கொண்டிருக்கும்.

பவர் சப்ளை விஷயத்தில் நீங்கள் செய்வது, யானையை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போன்றது. பெட்டியில் உள்ள 850 என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். '80 பிளஸ் கோல்டு' என்ற முத்திரைகூட மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்றிதழ்தான். ஷார்ட் சர்க்யூட்டானால் அணைத்துக்கொள்ளுமா, கார்டு திடீரென்று கண நேரம் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்குமா என்றெல்லாம் அது சொல்லாது. கணக்கு சின்னதுதான்: 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட், 5060 டிஐ 180 வாட், 7600 முழு மூச்சில் ஓடினால் 88 வாட். மீதி எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு 100 வைத்தாலும் 400-ஐத் தாண்டாது. பிரித்துப் பார்த்துச் சோதித்தவர்கள் நல்லது என்று சொல்கிற, 7 முதல் 10 ஆண்டு வாரன்டி உள்ள ஒரு 650 வாட், பெயர் தெரியாத 850-ஐவிட எவ்வளவோ மேல். இங்கே நானே சூடுபட்டவன். ஒருமுறை பவர் சப்ளையை மட்டும் மாற்றினேன். பழைய கேபிள்கள் கேபினட்டுக்குள் அழகாகக் கட்டிக் கிடந்தன, அவற்றைக் கழற்றச் சோம்பல். புதிய பவர் சப்ளையில், டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் அதே பழைய சாட்டா கேபிள் 'கிளிக்' என்று பொருந்தியது. ஸ்விட்சைப் போட்டதும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் போய்ச் சேர்ந்தன. டிஸ்க் பக்கத்து முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. பவர் சப்ளை பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கேபிளை ஒருபோதும் கலக்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஜென் 4 (நான்காம் தலைமுறை) போதும், ஜென் 5 வாங்கினாலும் விளையாட்டு லோடாகும் நேரத்தில் பெரிய மாற்றம் தெரியாது. மதர்போர்டு, ஏஎம்5 சாக்கெட் உள்ள நடுத்தர பி650 அல்லது பி850. கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை இருக்கட்டும். கார்டின் நீளமும் கூலரின் உயரமும் உள்ளே அடங்குமா என்று மில்லிமீட்டரில் பாருங்கள்.

அசெம்பிள் செய்யும்போது அவசரம்தான் எதிரி. தனியாக வாங்கிய கூலர் என்றால் அடியில் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பலர் அதோடே பூட்டிவிட்டு ஏன் இப்படிச் சுடுகிறது என்று தேடுவார்கள். ஏஎம்5 போர்டில் முதல்முறை ஆன் செய்ததும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமைச் சோதித்துத் தனக்குப் பொருத்திக்கொள்ளும் நேரம் அது. பயந்துபோய் ஸ்விட்சை அணைக்காமல் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கீழே கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். கடைசியாக, விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். புது மானிட்டரும் சில சமயம் 60-இலேயே நின்றிருக்கும், 144-க்கு நீங்கள்தான் மாற்ற வேண்டும்.