எஞ்சினை இறக்க முன் டப்பட் கவரைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒயில் கசிவு பற்றியவை. ஆச்சரியமில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்தும் என்ன, வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே வன்னியில் ஓடும் கார்களில் அநேகமானவை வயது போனவை. எஞ்சின் தலையை மூடியிருக்கும் டப்பட் கவருக்குக் கீழே ஒரு ரப்பர் பக்கிங் உண்டு. வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்து அது விறைத்துப்போனால் ஒயில் தன் வழியைத் தேடிக்கொள்ளும்.

கிளிநொச்சியிலிருந்து: அண்ணை, ஏ9 வீதியில் ஓடிவிட்டு நிற்பாட்டினால் கருகிய ஒயில் மணம் வருகிறது. எஞ்சினுக்கு அடியிலும் ஈரம். ஒரு கராஜில் ஹெட் பக்கிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கவேணும் என்கிறார்கள். காசு கட்டலாமா?

பொறுங்கள் தம்பி. ஹெட் பக்கிங் என்பது எஞ்சின் தலைக்கும் அதற்குக் கீழுள்ள பிளொக்குக்கும் இடையில் இருப்பது; அது வேறு, டப்பட் கவர் பக்கிங் வேறு. ஹெட் பக்கிங் போனால் ரேடியேற்றர் தண்ணீர் காரணமில்லாமல் குறையும், எஞ்சின் சூடேறும், சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வரும், ரேடியேற்றருக்குள் குமிழி எழும்பும். இதில் ஒன்றும் இல்லாமல் கருகல் மணம் மட்டும் என்றால் முதல் சந்தேகம் டப்பட் கவர்தான். அங்கிருந்து வழியும் ஒயில், எஞ்சின் புகை வெளியேறும் சூடான எக்ஸோஸ்ட் மனிபோல்டில் விழுந்து கருகுகிறது. ஓடும்போது காற்று மணத்தை அடித்துக்கொண்டு போய்விடும். நின்றால்தான் மூக்குக்குத் தெரியும்.

அடியில் ஈரம் இருப்பதை வைத்து அடியில்தான் லீக் என்று முடிவெடுக்கக் கூடாது. மேலே கசிந்தது பின்பக்கத்தால் இறங்கி, கியர்பொக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். அதைப் பார்த்துவிட்டு எஞ்சினின் பின்பக்க ஒயில் சீல் போய்விட்டது என்று கியர்பொக்ஸைக் கழற்றியவர்களும் உண்டு. எஞ்சினின் வெளிப்பக்கத்தைத் துடைத்துச் சுத்தமாக்குங்கள், இரண்டு மூன்று நாள் ஓடுங்கள், பிறகு டோர்ச் அடித்து ஈரம் தொடங்கும் மிக உயரமான இடத்தைத் தேடுங்கள். கவரின் பின் மூலையை விரலால் தடவிப் பார்க்க மறக்க வேண்டாம், அது கண்ணுக்குப் படாத இடம்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் ஆசிரியை: அண்ணா, என் கார் இழுவை இல்லாமல் உதறுகிறது. பிளக் மாற்றப் போனவர் ஒரு பிளக் குழிக்குள் ஒயில் நிற்கிறது என்றார். எஞ்சின் முடிந்ததா?

இல்லைத் தங்கச்சி, பயப்பட வேண்டாம். பிளக் இறங்கும் குழாயைச் சுற்றி டப்பட் கவரில் வட்டமான சீல் இருக்கும். அது விறைத்தால் ஒயில் குழிக்குள் இறங்கும், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலின் ரப்பர் ஊறிக் கெட்டு மின்சாரம் ஒழுகும், அந்தச் சிலிண்டர் ஒழுங்காக எரியாது. உதறல் அதனால்தான். சில எஞ்சின்களுக்கு இந்த சீல்கள் பக்கிங் செற்றோடு வரும், சிலவற்றுக்குத் தனியாக வாங்கி அழுத்தி ஏற்றவேண்டும், இன்னும் சிலவற்றில் கவரோடு ஒட்டியே வருவதால் கவரையே மாற்றவேண்டும். கடைக்குப் போகும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று முக்கியம். குழியில் ஒயில் நிற்கும்போது பிளக்கைக் கழற்ற விட வேண்டாம், அவ்வளவும் சிலிண்டருக்குள் போய்விடும். முதலில் துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

மல்லாவியிலிருந்து: பக்கிங்கை மாற்றாமல் வெளியால் சுற்றிவர சிலிக்கோன் பூசினால் என்ன?

ஒயில் பட்ட இடத்தில் சிலிக்கோன் ஒட்டாது. ஒட்டினாலும் உள்ளே இருந்து ஒயில் தள்ளத் தள்ள உரிந்துவிடும். பக்கிங்கே இல்லாமல் சிலிக்கோனை மட்டும் அள்ளிப் பூசிக் கவரைப் பூட்டுகிறவர்கள் இன்னும் மோசம். பிதுங்கி உள்ளே விழும் துண்டுகள் அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குப் போய், பம்பின் வலையை அடைக்கும். ஒயில் மேலே ஏறாவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்கள் நாங்கள், சமாளிப்பு எங்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் இன்று கடையில் பக்கிங் கிடைக்கிறது, அந்தச் சமாளிப்பு இங்கே தேவையில்லை.

ஒட்டுசுட்டானிலிருந்து: அண்ணை, நானே மாற்றப் போகிறேன். சொக்கட் செற் இருக்கிறது. எப்படிச் செய்வது?

நல்லது, செய்யக்கூடிய வேலைதான். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், காலை நேரம் உகந்தது. பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஹைபிரிட் கார் என்றால் திறப்பையும் தூரத்தில் வையுங்கள், அது நினைத்த நேரத்தில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிடும்.

எங்கள் கிரவல் றோட்டுப் புழுதி கவரைச் சுற்றிப் படையாக இருக்கும். கழற்ற முன் அதைத் துடைத்து ஊதி எடுங்கள். இந்த வேலையில் பலர் விடும் படி இதுதான். திறந்த பிறகு ஒரு பிடி மண் வால்வுகளைத் திறக்கும் கேம் சாஃப்ற்றில் விழுந்தால் பக்கிங் மாற்றியதில் என்ன பிரயோசனம்?

கொயில், வயர், ரியூப் எல்லாம் எது எங்கே என்று போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். போல்ட்களை வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவரை இடையில் விட்டு நெம்பினால் அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோட்டால் புதுப் பக்கிங்கும் கசியும்.

திறந்ததும் ரைமிங் செயின் பக்கத்தைச் சுத்தமான துணியால் மூடுங்கள். பழைய சிலிக்கோனைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள், கத்தி வேண்டாம். கவரை மண்ணெண்ணெயில் கழுவலாம், ஆனால் பக்கிங் உட்காரும் தவாளிப்பையும் ஹெட்டின் முகத்தையும் கடைசியில் பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவிடுங்கள். நேரத்தில் பாதி இதற்கே போகும், போகட்டும்.

ரப்பர் பக்கிங் காய்ந்தபடியே தவாளிப்பில் இறங்கவேண்டும், கிரீஸ் பூச வேண்டாம். சிலிக்கோனுக்கு இடம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அந்தச் செயினை மூடும் ரைமிங் கவரும் ஹெட்டும் சந்திக்கும் இரண்டு மூலையிலும், சில பழைய எஞ்சின்களில் அரைவட்ட அடைப்பு இருக்கும் இடத்திலும், கடலையளவு வைத்தால் போதும். வைத்ததும் ஆறப்போடாமல் கவரை நேராக இறக்குங்கள். இழுத்து அரக்கினால் பக்கிங் தவாளிப்பை விட்டு வெளியே வரும்.

எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் இந்த 6 மில்லிமீற்றர் போல்ட்களுக்கு இறுக்கும் அளவு 8 முதல் 10 நியூட்டன் மீற்றர்தான். 10 என்பது, 25 சென்ரிமீற்றர் கைப்பிடியின் நுனியில் 4 கிலோ தொங்கினால் எவ்வளவோ அவ்வளவு. அதாவது மிகக் குறைவு. உங்கள் எஞ்சினின் சரியான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிக்கோன் டியூபில் காயும் நேரம் எழுதியிருக்கும், அதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஓர் இரவு விட்டால் நிம்மதி.

பரந்தனிலிருந்து: இன்னும் ஒரு சுற்று என்று இறுக்கினேன், போல்ட் சும்மா சுற்றுகிறது.

ஹெட்டில் புரி போய்விட்டது. பெரிய போல்ட்டை அடித்து ஏற்றப் பார்க்க வேண்டாம். இன்சேர்ட் போடத் தெரிந்த லேத் பட்டறைக்காரரைப் பிடியுங்கள், பழைய அளவிலேயே புதுப் புரி வரும். துளைக்கும்போது விழும் தூள் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முள்ளியவளையிலிருந்து: இரண்டு தரம் பக்கிங் மாற்றியாயிற்று. சில மாதத்தில் திரும்பவும் ஒழுகுகிறது. பக்கிங் போலியா?

போலியாகவும் இருக்கலாம். ஆனால் நான் முதலில் பார்ப்பது பீ.சீ.வி. வால்வை. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு எடுத்துப்போகும் சின்னச் சாமான் அது. கரி பிடித்து அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, எங்கே பலவீனமோ அங்கே ஒயிலைத் தள்ளும். அடைப்பை அப்படியே விட்டு எத்தனை பக்கிங் போட்டாலும் நிற்காது. எஞ்சினை ஐடிலில் விட்டு, வால்வைக் கவரிலிருந்து கழற்றி, வால்வின் வாயை விரலால் மூடிப் பாருங்கள். உறிஞ்சவேண்டும். அநேக வால்வுகளைக் கையில் எடுத்துக் குலுக்கினால் கிலுக் என்று சத்தமும் கேட்கவேண்டும். விலை பெரிதில்லை, பக்கிங் மாற்றும்போதே மாற்றிவிடுங்கள்.

அது சரியென்றால் கவர் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிளாஸ்டிக் கவர்களில் இது நடக்கும். போல்ட்டுக்குக் கீழே உள்ள ரப்பர் வாஷர்களையும் மாற்றினீர்களா? பலர் மாற்றுவதில்லை.

மாங்குளத்திலிருந்து: என்னுடையது பழைய டீசல் ஹயஸ் வான். இதே கதைதானா?

பக்கிங் வேலை ஏறக்குறைய இதேதான். ஆனால் பக்கிங் வாங்க முன் எஞ்சினை ஐடிலில் விட்டு ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் ஆவி வந்தால் பரவாயில்லை. குப்குப் என்று புகை தள்ளினால் பிஸ்டன் றிங் தேய்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம், அப்படியென்றால் புதுப் பக்கிங்கும் கன நாள் தாங்காது. சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கொம்பிரஷனைப் பார்த்துவிட்டுச் செலவழியுங்கள்.

வவுனியாவிலிருந்து: கொழும்புக்கு அவசரமாகப் போகவேணும். லீக்கோடு போகலாமா? மாற்றினால் ஒயிலும் புதிதாக ஊற்றவேணுமா?

மெல்லிய கசிவு என்றால் ஒயில் அளவைப் பார்த்து, ஒரு லீற்றர் கையில் கொண்டு, வழியில் நிறுத்தும் இடத்தில் திரும்பவும் பார்த்துப் போகலாம். பொனட்டுக்குள்ளிருந்து புகை எழும்புகிறது என்றால் போக வேண்டாம். சூடான எக்ஸோஸ்டில் ஒயில் கூடுதலாக விழுந்தால் தீப்பிடிக்கும், பஸ்ஸில் போங்கள். ஒயில் கேட்டீர்கள்: கவர் மேலே இருப்பதால் அதைக் கழற்ற ஒயிலை இறக்கத் தேவையில்லை, குறைந்ததை நிரப்பினால் போதும். சுரண்டும்போது தூசி உள்ளே விழுந்ததென்றால் மட்டும் ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள்.