முட்டைப் பாஸ்தா ஒட்டிக்கொள்வது மாவின் குற்றமா?

கேள்வி: நூறு கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில் இரண்டு முட்டை சேர்த்து வீட்டில் பாஸ்தா செய்தேன். பிசையும்போதே கையில் ஒட்டியது. வெட்டிய இழைகளை இரவு முழுவதும் கம்பியில் தொங்கவிட்டும் காயவில்லை. காலையில் இலேசான வாடை வந்தது. இத்தாலிய ‘00’ மாவும் பாஸ்தா இயந்திரமும் இருந்தால்தான் சரியாக வரும் என்று கேக் பொருள்கள் விற்கும் கடைக்காரர் சொல்கிறார். இரண்டும் சேர்த்து 480 ரிங்கிட். வாங்கலாமா? (வாசகி, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: வாங்க வேண்டாம். வீட்டில் சமையலறைத் தராசு இல்லாவிட்டால் அதை மட்டும் வாங்குங்கள். உங்கள் மாவு ஒட்டியதற்கு அது எந்த ஊர் மாவு என்பது காரணம் அன்று. நீங்கள் உடைத்து ஊற்றிய முட்டையின் எடைதான் காரணம்.

நூறு கிராமுக்கு ஒரு முட்டை என்பது இத்தாலிய வீடுகளின் கைக்கணக்கு. நம் நாட்டில் ‘ஏ’ தர முட்டை ஓட்டோடு 65 முதல் 70 கிராம் வரை இருக்கும்; ‘சி’ தரமோ 55 முதல் 60 கிராம்தான். ஓட்டை நீக்கிப் பார்த்தால் இரண்டு முட்டைகளுக்கும் ஏறத்தாழ 10 கிராம் வேறுபாடு வரும். இரண்டு முட்டை போட்டால் 20 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி ஈரம் கூடிவிடும். இந்தப் பிசைவுக்கு அது மிக அதிகம். போதாக்குறைக்கு, நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்த மாவு முன்பே ஈரத்தை வாங்கியிருக்கும். சில கடைகளில் ஒரே தட்டில் இரண்டு மூன்று தரங்களைக் கலந்து அடுக்கி, உயர்ந்த தரத்தின் பெயரை மேலே எழுதி வைக்கிறார்கள். எனவே பெயரை நம்பாமல் எடை போடுங்கள். 200 கிராம் மாவுக்கு, உடைத்த முட்டை 105 முதல் 110 கிராம் போதும். எடை கூடினால் வெள்ளைக்கருவில் சிறிது எடுத்துவிடுங்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். மஞ்சள் கருவில் கைவைக்காதீர்கள்.

இப்போது அந்த இரட்டைச் சுழி மாவுக்கு வருவோம். ‘00’ என்பது மாவு எவ்வளவு வெண்மையாகத் தீட்டப்பட்டது, அதில் தவிடு எவ்வளவு குறைவு என்பதைக் குறிக்கும் இத்தாலியத் தர எண். அது பாஸ்தாவுக்கென்று வைத்த முத்திரை அன்று. கேக்குக்கு உகந்த மெல்லிய மாவும் அதே எண்ணில் வரும். நாம் கோதுமை மாவு என்று வாங்குகிற, தமிழ்நாட்டில் மைதா என்று சொல்கிற, சாதாரண மாவே வீட்டுப் பாஸ்தாவுக்குப் போதும். நான் இதைச் சற்றுக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய மூட்டையைப் பிரித்துக் கண்ணாடிப் பைகளில் கட்டி, தேதியோ தயாரிப்பாளர் பெயரோ இல்லாமல், ‘இத்தாலிய மாவு’ என்று கையால் எழுதி ஒட்டி மூன்று மடங்கு விலைக்கு விற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உணவுப் பொட்டலத்தில் என்னென்ன அச்சிட வேண்டும் என்று இந்நாட்டில் 1985ஆம் ஆண்டு முதலே விதிமுறைகள் இருக்கின்றன. இருந்து என்ன பயன் என்று என் சமையல் வகுப்புக்கு வருகிறவர்கள் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. வார இறுதிச் சமையல் வகுப்பு நடத்தும் சிலர், மாணவர்களைக் குறிப்பிட்ட கடைக்கு அனுப்பித் தரகு வாங்குவதும் உண்டு. வகுப்பு முடிந்ததும் ஒரு கடையின் முகவரிச் சீட்டு கைக்கு வந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

பிசைவதற்குப் பெரிய நுட்பம் இல்லை. பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, காற்றுப் புகாமல் மூடி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். ரொட்டி சானாய் மாவை ஊறவிட்டால்தானே இழுத்த இழுப்புக்கு வருகிறது? இதுவும் அப்படித்தான்.

காய வைப்பதில்தான் உண்மையான ஆபத்து. கடையில் விற்கும் உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் முட்டையில்லாமல், டியூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையில் செய்யப்பட்டு, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் உலர்த்தப்படுகிறது. பச்சை முட்டை கலந்த ஈரமாவை நம் புழுக்கத்தில் இரவு முழுவதும் தொங்கவிட்டால், அது காய்வதற்கு முன்பே கெட்டுவிடும். குளிரூட்டி போட்ட அறையில் காய வைக்கலாமா என்று உடனே கேட்பீர்கள். பதினைந்து இருபது நிமிடம் வைக்கலாம். ஆனால் அது மேற்பரப்பின் பிசுபிசுப்பு அடங்கி, வெட்டும்போது இழைகள் ஒட்டாமல் இருப்பதற்காக மட்டுமே. வெளிப்புறம் காகிதம்போல் ஆனதைப் பார்த்து உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. குளிரூட்டியை நிறுத்தியதும் அறையின் ஈரம் திரும்பிவந்து அதன்மேல் படியும். ஆகவே குளிரூட்டி வெட்டுவதற்கு உதவும், சேமிப்பதற்கு உதவாது. சேமிக்க வேண்டுமானால், இழைகளின்மேல் ரவையைத் தூவி, சிறு சிறு கூடுகளாகச் சுருட்டி உறைபெட்டியில் வையுங்கள். ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். சமைக்கும்போது உருக விடாமல் அப்படியே கொதிநீரில் போட வேண்டும்.

இயந்திரம் ஒரு வசதி, அவ்வளவுதான். இத்தாலியின் போலோனியா நகர வணிகச் சபையில் தாலியாத்தெல்லே என்னும் பட்டை பாஸ்தாவின் அகலத்தை 1972ஆம் ஆண்டு பதிவு செய்தார்கள்: வெந்தபின் 8 மில்லிமீட்டர். அந்த ஊரில் இன்றும் நீண்ட கட்டையால் கையாலேயே மாவைத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சப்பாத்திக் கட்டையால் மாவைச் சிறு பங்குகளாகத் தேய்த்து, மேசையின் நிறம் மங்கலாகத் தெரியும் வரை மெலிதாக்கி, தளர்வாகச் சுருட்டிக் கத்தியால் அரிந்தாலே போதும். வெந்தபின் பட்டைகள் விரியும் என்பதால் சற்றுக் குறுகலாகவே அரியுங்கள். உப்பிட்டுத் தளதளவென்று கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை.

கம்பியில் தொங்கிய அந்த இழைகளை இன்னும் டப்பாவில் வைத்திருந்தால், கொதிக்க வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். சில கிருமிகள் விட்டுச் செல்லும் நச்சு கொதிநீரிலும் அழிவதில்லை. வாடை போய்விட்டதா என்று முகர்ந்து பார்க்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.