ரோஜாவில் வெள்ளைப் பொடியா, கரும்புள்ளியா?

கேள்வி: மொட்டைமாடியில் பன்னீர் ரோஜாவும் பட்டன் ரோஜாவும் தொட்டிகளில் வளர்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் இலையெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்து, மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. தை பிறந்ததும் துளிர் வந்தது. இப்போது அந்தத் துளிரில் விபூதி பூசினாற்போல வெள்ளை. தினமும் சாயங்காலம் ஹோஸ் பிடித்து இலைகளை நன்றாகக் கழுவிவிடுகிறேன், வேப்பெண்ணெயும் அடிக்கிறேன். இரண்டும் ஒரே பூஞ்சைதானா? ஒரே மருந்தில் தீராதா, ஐயா?
(வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: இல்லை அம்மா, இரண்டும் வேறு வேறு பூஞ்சை. குணமும் நேர் எதிர். அது புரிந்துவிட்டால் பாதி மருந்துச் செலவு மிச்சம்.

கரும்புள்ளி நோய்க்கு ஈரம் வேண்டும். இலைமேல் தொடர்ந்து ஏழு மணி நேரம் போலத் தண்ணீர் நின்றால்தான் அதன் வித்து முளைத்து உள்ளே இறங்கும். மழைக்காலத்தில் அது தானாகக் கிடைத்துவிடுகிறது. மற்ற நாளில், சாயங்காலம் கழுவிவிடும் இலை ராத்திரி முழுக்கக் காயாமல் இருக்கிறதே, அது போதும். முதலில் இந்தப் பழக்கத்தை விடுங்கள். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள்.

துளிரில் நீங்கள் பார்த்த வெள்ளைதான் சாம்பல் நோய். அது அப்படியில்லை. இலை நனையவே வேண்டாம். பகலில் வறண்ட வெயில், ராத்திரியில் குளிரும் காற்றில் ஈரப்பதமும், அதாவது தை, மாசி மாதம்தான் அதற்குக் கொண்டாட்டம். ஓசூர்ப் பக்கம் பாலித்தீன் குடிலுக்குள் ரோஜா வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மழை படாததால் கரும்புள்ளி அங்கே அபூர்வம், சாம்பல் நோய்தான் தலைவலி.

ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் என்றால் பெருவிரலால் தேய்த்ததும் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். இளந்துளிர் சுருண்டு, மொட்டின் காம்பு வரை வெள்ளை படிந்திருக்கும். கரும்புள்ளி தேய்த்தால் போகாது. வட்டமாக இருந்தாலும் ஓரம் நேராக இராமல் இழை இழையாகப் பிரிந்திருக்கும், சுற்றிலும் மஞ்சள் படரும். அடி இலையில் தொடங்கி மேலே ஏறும்.

இப்போது உங்களுக்குத் தேவை சாம்பலுக்கான மருந்து. அதிகம் பாதித்த நுனிகளைக் கிள்ளி எறியுங்கள். நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் ஏறுவதற்குள் இலையின் இருபுறமும் படும்படி தெளியுங்கள். பத்து, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகத்தைத் தொடாதீர்கள், இலை கருகிவிடும். பங்குனி வெயிலிலும் கந்தகம் வேண்டாம். நோய் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது என்றால், ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து காலை வெயிலில் தெளித்தாலே அடங்குவதுண்டு. பன்னீர் ரோஜா இதழில் குல்கந்து போடும் வழக்கம் இருந்தால் அந்தச் செடிக்குப் பாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாயில் போடும் பூவில் மருந்து படக்கூடாது என்பதில் நான் கறார்.

கரும்புள்ளிக்கு அடுத்த மழைக்கு முன்பே தயாராக வேண்டும். புரட்டாசியில் கவாத்து செய்து, தொட்டியில் விழுந்த பழைய இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடுங்கள். அதை உரக்குழியில் போடாதீர்கள், பூஞ்சை அதில்தான் தங்கும். வெட்டிய முனைகளில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சை மருந்தைக் குழைத்துத் தடவினால் நுனியிலிருந்து கருகி இறங்கும் பின்கருகல் நோயும் தடைபடும். மழை தொடங்குமுன் அதே மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தெளிக்கலாம். தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள், காற்று புகுந்தால் இலை சீக்கிரம் காயும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். புள்ளி விழுந்த இலை எந்த மருந்துக்கும் திரும்பப் பச்சையாகாது. புள்ளி மறையவில்லையே என்று மேலும் மேலும் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டப்படும். புதுத் துளிர் சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள், அதுதான் கணக்கு.

கேள்வி: கனகாம்பரம் திட்டுத் திட்டாக வாடிச் சாகிறது. பிடுங்கினால் வேர் கறுத்திருக்கிறது. இலைக்கு என்ன மருந்து அடிக்கலாம்?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: இலைக்கு அடித்துப் பயனில்லை, நோய் மண்ணில் இருக்கிறது. ஃபியூசேரியம் என்ற பூஞ்சை, பெரும்பாலும் வேரைத் துளைக்கும் நூற்புழுவோடு சேர்ந்து வரும். வாடிய செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். தண்ணீர் தேங்காமல் வடிகால் செய்யுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையை மக்கிய தொழுவுரத்திலும் வேப்பம்புண்ணாக்கிலும் கலந்து, ஈரம் தெளித்து நிழலில் ஒரு வாரம் மூடி வைத்து, மீதிச் செடிகளின் வேரடியில் இடுங்கள். அந்த இடத்தில் உடனே மறுபடி கனகாம்பரம் வேண்டாம், ஒரு போகம் செண்டுமல்லி போடுங்கள். அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும்.