வாசகர் கேள்வி – பதில்: வாடகையும் அரச உதவிப் பணமும்

கேள்வி: கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில், 12 மற்றும் 9 வயதுடைய இரு மகள்மாருடன் வாடகை வீட்டில் வசிக்கிறேன். வேலை நேரம் குறைக்கப்பட்டதால் குறைந்த வருமானமுள்ளோருக்கான அரச உதவிப் பணமான யூனிவர்சல் கிரெடிட் பெறத் தொடங்கியுள்ளேன். மாத வாடகை 1,700 பவுண்ட். கணக்கு விவரத்தில் வீட்டுக்கென்று காட்டப்பட்டுள்ள தொகை அதைவிட 300 பவுண்டுக்கு மேல் குறைவாக இருக்கிறது. தவறு நேர்ந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் தவறு எதுவும் இல்லை, சகோதரி. தனியார் வீட்டில் குடியிருப்போருக்கு அரசு முழு வாடகையையும் தருவதாக வாக்களிக்கவில்லை; ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் உச்சவரம்பை வைத்து, அதுவரை மட்டுமே தருகிறது. அப்பகுதியின் வாடகைகளைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தினால் நூற்றுக்கு முப்பதாவது இடத்தில் நிற்கும் வாடகையே அந்த வரம்புக்கு அடிப்படை. 2024 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட அது, வாடகைகள் ஏறிக்கொண்டே சென்ற 2025-இல் உயர்த்தப்படவில்லை. ஏழைக் குடும்பங்களின் சாப்பாட்டுச் செலவிலிருந்து அந்த இடைவெளியை நிரப்பச் சொல்வது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

16 வயதுக்கு உட்பட்ட இரு பெண் பிள்ளைகள் ஒரு படுக்கையறையைப் பகிர்ந்துகொள்வார்கள் என்பதே விதியாதலால், நீங்கள் மூன்று படுக்கையறை வீட்டில் இருந்தாலும் இரண்டு படுக்கையறைக்கான வரம்பே கிடைக்கும். வீடு மாற எண்ணினால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே அஞ்சல் குறியீட்டைக் கொண்டு அந்த வரம்பை அரச இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஒரு குடும்பம் பெறும் உதவிகளின் மொத்தத்துக்கும் ஆண்டுக்கு 25,323 பவுண்ட் என்ற தனி வரம்பு உண்டு. குறிப்பிட்ட அளவு சம்பாதிப்போருக்கு அது பொருந்தாது என்பதால், வேலை நேரத்தை மேலும் குறைக்கும் முன் ஆலோசனை பெறுங்கள்.

பணம் மாதத்துக்கு ஒரே தொகையாக உங்கள் கணக்குக்கே வரும். அதிலிருந்து வாடகையை நீங்களே செலுத்த வேண்டும். ஆகவே பணம் வந்த அன்றே வாடகைப் பங்கை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். குறையும் தொகைக்கு உங்கள் கவுன்சிலிடம் (உள்ளூராட்சி மன்றத்திடம்) கூடுதல் வாடகை உதவி கேட்கலாம். நம்மவர்கள் பலர் வெட்கப்பட்டு, நிலுவை இரண்டு மாதமானபின்தான் வாய் திறக்கிறார்கள். தயவுசெய்து, முதல் பவுண்ட் குறையும் மாதத்திலேயே கேளுங்கள்.

கேள்வி: அண்ணனின் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். எனக்கும் இந்த உதவி கிடைக்குமா?

பதில்: அண்ணனும் அதே வீட்டில் குடியிருந்தால் கிடைக்காது. அவர் வேறிடத்தில் வசித்து, வீட்டை உங்களுக்கு முறையாக வாடகைக்கு விட்டிருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது உண்மையான வாடகை என்பதை நிறுவ வேண்டியிருக்கும். எனவே கையில் காசாகக் கொடுப்பதை நிறுத்தி, எழுத்து ஒப்பந்தம் செய்துகொண்டு, மாதந்தோறும் வங்கி வழியாகவே வாடகையைச் செலுத்துங்கள்.