செவ்வாய்க்கு நினைத்த நேரத்தில் விண்கலம் அனுப்ப முடியாதது ஏன்?

குறைந்த எரிபொருளில் ஒரு கோளை அடைய வழி அமையும் சில வாரங்களை ஏவுகாலம் என்கிறோம். செவ்வாய்க்கு இது சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வாய்க்கும். பூமி 365 நாளில் சூரியனைச் சுற்றிவிடுகிறது. செவ்வாய்க்கோ 687 நாள் வேண்டும். இரண்டும் மறுபடி தோதான நிலைக்கு வர அவ்வளவு காலம் பிடிக்கிறது.

ஓடுகிறவனுக்குப் பந்தை எறிபவர் அவன் காலடிக்கா எறிவார்? சற்று முன்னால் எறிவார். விண்கலமும் செவ்வாய் பல மாதம் கழித்து வரப்போகும் இடத்துக்குத்தான் போகிறது. 2013 நவம்பர் 5இல் ஏவப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24இல்தான் செவ்வாயைச் சேர்ந்தது. 2020 ஜூலையில் அமீரகம், சீனா, அமெரிக்கா மூன்றும் அடுத்தடுத்து ஏவியதற்கும், போட்டியைவிட இந்தக் கணக்கே முதல் காரணம்.

செவ்வாய் மிக நெருங்கும் நாளில் ஏவுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 2020இல் அந்த நாள் அக்டோபர் 6, கலங்கள் ஜூலையிலேயே கிளம்பிவிட்டன.